வண்டு மாதிரி இருக்கும் ஆரஞ்சு அந்துப்பூச்சி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

கோடை முடியும் சமயத்தில் இங்கே வேலியோரமெல்லாம் கோல்டன்ராட் பூத்துக் கிடக்கும். அதில் தேனீக்களுக்கு நடுவே ஒரு குட்டிப் பூச்சியைப் பார்க்கிறேன். ஆரஞ்சு இறகு, குறுக்கே வெளிர்மஞ்சள் புள்ளி வரிசைகள், அவற்றைச் சுற்றிக் கறுப்புக் கரை. இறகை உடம்போடு சுருட்டிக்கொண்டு உட்கார்வதால் எல்லோரும் வண்டு என்கிறார்கள். பறக்கும்போது கவனியுங்கள், புகை படிந்தது போன்ற பின்னிறகு தெரியும். அயிலாந்தஸ் வெப்வார்ம் என்னும் அந்துப்பூச்சி இது. அறிவியல் பெயர் அட்டேவா ஆரியா. இறகை விரித்தால் 2 முதல் 3 செ.மீ. இருக்கும்.

எங்கள் தெருவில் இதை ஸ்பாட்டட் லாண்டர்ன்ஃப்ளை என்று நினைத்து மிதிக்கிறார்கள், மனசு கேட்கவில்லை. 2014-ல் பென்சில்வேனியாவில் தென்பட்ட அந்தப் பூச்சி திராட்சைக் கொடிகளுக்குக் கேடு, அதை மிதிப்பது சரிதான். ஆனால் அதன் முன்னிறகு சாம்பல் நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். சிவப்பு பின்னிறகில்தான் இருக்கும். இரண்டுமே ட்ரீ ஆஃப் ஹெவன் மரத்தை நாடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். தயவுசெய்து குனிந்து நிறத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் காலை வையுங்கள்.

வர்ஜீனியாவிலிருந்து:

அக்கா, எங்கள் பக்கம் புழுக்கள்தான் அதிகம் கண்ணில் படும். ட்ரீ ஆஃப் ஹெவன் இலைகளை நூலால் பின்னி, கூட்டமாக உள்ளே இருந்து தின்னும். அந்த மரம் 1784-ல் பிலடெல்பியாவுக்கு வந்த சீன மரம். நம் அந்துப்பூச்சியோ அதற்கு முன் தெற்கு ஃப்ளோரிடா, மத்திய அமெரிக்கா பக்கம் சிமரூபா மரத்தை அண்டி வாழ்ந்தது. இரண்டு மரமும் ஒரே குடும்பம் என்பதால் புதியதையும் தின்னப் பழகி வடக்கே பரவிவிட்டது. கடுங்குளிர் தாங்காது, வட மாநிலங்களுக்குக் கோடைதோறும் தெற்கிலிருந்து வந்தாக வேண்டும். இவ்வளவு சிறிய இறகுக்கு அது எவ்வளவு பெரிய பயணம்!

பழைய கையேடுகளில் தேடுபவர்கள் அட்டேவா பங்க்டெல்லா என்று பாருங்கள். ஒரே இனமாக நினைத்ததை 2010-ல் டி.என்.ஏ. பார்கோடு ஆய்வு இரண்டாகப் பிரித்த பிறகுதான் நம் ஊர்ப் பூச்சிக்கு ஆரியா என்ற பெயர் நிலைத்தது.

டெக்சஸிலிருந்து:

பகல் பூச்சி என்று மட்டும் நினைக்காதீர்கள். எங்கள் வாசல் விளக்குக்கு ராத்திரியிலும் வருகிறது. விளக்கடியில் படம் எடுத்தால் அந்தப் புள்ளி வரிசைகள் நன்றாக விழும்.