பெலிகாட் கைலியும் நம்ம ஊர் முகத்துவாரமும்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம், ஸலாம்.

ஆண்டு மலருக்குப் பழவேற்காட்டு வரலாறு எழுதலாம் என்று பேச்சு வந்ததிலிருந்து எல்லோரும் டச்சுக் கோட்டையையும் கல்லறையையும் பற்றியே எழுதுகிறீர்கள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லறை வாசலில் நிற்கும் அந்த இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்துப் பயந்து ஓடாத பிள்ளை நம் ஊரில் உண்டா? ஆனால் நம் ஆட்கள் எந்தெந்தக் காலத்தில் என்ன வேலை செய்து பிழைத்தார்கள் என்பதைத்தான் மலரின் நடுவில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மலேசியாவில் கிள்ளானுக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். கட்டம் போட்ட பருத்திக் கைலி அடுக்கியிருந்தது. மலாய்க்காரர்கள் வீட்டிலும் கட்டுவார்கள், தொழுகைக்கும் கட்டிப் போவார்கள். பெயர் கேட்டேன். 'காயின் பெலிகாட்' என்றார் கடைக்காரப் பெரியவர். காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது நம்ம ஊர்! புலிகாட் என்று வெள்ளைக்காரர் வாயில் திரிந்த அதே பழவேற்காடு. நான் அந்த ஊர்க்காரன் என்று சொன்னதும் அவர் ஒரு கைலியை உதறி விரித்து, கட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வளர்ந்த தெருவில் தறிச் சத்தம் கேட்டதே கிடையாது.

17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு ஏரியைச் சுற்றியும் உள்நாட்டு ஊர்களிலும் நெய்த துணி இங்கே வந்து குவிந்தது. மசாலாத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிக் காசைவிட நம் பக்கத்துத் துணிக்குத்தான் மவுசு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே அதற்காகத்தான். கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், பொதிகளைச் சின்னப் படகுகள் கொண்டு போய் ஏற்றும். நெசவோடு சாயம், நாணயச் சாலை, வெடிமருந்து ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் வந்தன. இங்கே செய்த வெடிமருந்து பத்தாவியாவரை, அதாவது இன்றைய ஜகார்த்தாவரை போனது.

ஆங்கிலேயரும் 1621-ல் இங்கே டச்சுக்காரர்களை ஒட்டிக் கடை போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பிறகு இதே ஏரியின் வடபக்கம் ஆர்மகானில் இருந்தார்கள். அதுவும் சரிப்படாமல்தான் 1639-ல் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கினார்கள். சென்னையின் கதையில் நம் ஏரிக்கும் பங்கு உண்டு, அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அதே துறையிலிருந்து மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்ச காலத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குப் போனார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. டச்சுக்காரரின் கல்லறைப் படத்தை அட்டையில் போட்டுவிட்டு இவர்களுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்காமல் விட்டால் அது நியாயமே இல்லை. அந்தப் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன்.

1690-ல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மில் துணி வந்ததும் மிச்சமிருந்த வியாபாரமும் படுத்துவிட்டது. அப்புறம் கொஞ்ச காலம் பக்கிங்காம் கால்வாய் ஊருக்குச் சோறு போட்டது. விறகுப் படகுகள் அந்த வழியாகத்தான் சென்னைக்குப் போயின. ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சுண்ணாம்புக்காகச் சுட்டதும் ஒரு தொழில்.

இத்தனைக்கும் அடியில் எப்போதும் இருந்தது மீன்பிடிப்பு. எங்கள் பெரியப்பா பாட்டுக்காரர். பாட்டுப் பாடுகிறவர் இல்லை, 'பாடு' முறையில் வலை கட்டுகிறவர். வெளியில் பிறந்த நம் பிள்ளைகளுக்குப் 'பாடு' என்றால் கஷ்டப்படுவது என்று மட்டும்தான் தெரியும். நமக்கு அது வலை கட்டும் இடம், வலை கட்டும் முறை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அதனால் தலைக்கட்டுக் கணக்கில் ஆட்களைச் சேர்த்து, சீட்டுப் போட்டு, யாருக்கு என்றைக்கு எந்த இடம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். அடித்துக்கொள்ளாமல் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய, எழுத்தறியாத பெரியவர்கள் கண்டுபிடித்த வழி இது. கோட்டையைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஒரு ராத்திரி பெரியப்பா என்னையும் கூட்டிப் போனார். கழியை ஊன்றி, ஓட்டத்தை எதிர்த்து வலையின் வாயை விரித்துவிட்டுப் படகிலேயே உட்கார்ந்திருந்தோம். வற்றம், அதாவது தண்ணீர் கடல் பக்கம் இறங்குவது, தொடங்கியதும் கழி மெல்ல நடுங்கியது. "கையை வை, தெரியும்" என்றார். வைத்தேன். தண்ணீர் இழுக்கிற வேகம் உள்ளங்கையில் ஏறியது. இறால் கடலில் பிறந்து, குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். போகிற வழியில்தான் நம் வலை.

அதனால்தான் முகத்துவாரம் தூர்ந்தால் ஊரே தூர்ந்த மாதிரி. குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. நிரந்தரமாகத் திறந்து வைக்க வழி செய்யுங்கள் என்று நம் குப்பத்து ஆட்கள் எத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள்! தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையம், துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று கரை மாறிக்கொண்டே வருகிறது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. நடுவில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நானும் வலையை விட்டு வந்தவன்தான்.

பனையோலை முடையும் நம் ஊர் முஸ்லிம் பெண்களை விட்டுவிடாதீர்கள். சாயம் தோய்த்த ஓலையைப் பல்லால் கவ்விக்கொண்டு, பேசிக்கொண்டே மூடி வைத்த சின்னப் பெட்டியை முடித்துவிடுவார்கள். ஓலையில் அவர்கள் போடும் கட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைலிக் கட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். அவர்களிடம் பேசி, மாதிரிகளின் பெயர்களோடு எழுத ஊரில் இருக்கும் தங்கைகள் யாராவது முன்வந்தால், படச் செலவை நான் ஏற்கிறேன்.

பெரியப்பாவின் 'பாடு' முறை நோட்டு என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, பென்சில் எழுத்தும் மங்கிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். அதில் வரும் இடங்கள் ஏரியில் எங்கெங்கே என்று குப்பத்து அண்ணன்மார் குறித்துத் தாருங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உங்கள் தம்பி