ஸ்டெம் மாத்தினதுல இருந்து முன்னாடி டொக்கு டொக்குன்னு ஆடுது, பேரிங் போச்சா?

எட்டாதகை:
வணக்கம் மக்களே. என் ரோடு பைக்ல (ரேஸ் மாதிரி சைக்கிள்) 110 மி.மீ ஸ்டெம் (ஹேண்டில்பார ஃபோர்க் குழாயோட இணைக்கற துண்டு) இருந்துச்சு, எட்டி எட்டி புடிச்சு கழுத்து புடிச்சுக்குதேன்னு 90 வாங்கி நானே மாட்டிட்டேன். ஹேண்டில்பார் பக்கம் 31.8 மி.மீ, ஸ்டியரர் (ஃபோர்க்ல இருந்து மேல வர்ற குழாய்) பக்கம் 28.6 மி.மீ, ரெண்டும் பாத்துதான் வாங்கினேன், பொருந்திடுச்சு. ஆனா ஓட்டும்போது முன் பிரேக்க புடிச்சா டொக்குன்னு ஒரு ஆட்டம் கைல தெரியுது. டாப் கேப் (ஸ்டெம்முக்கு மேல இருக்கற மூடி) லூஸா இருக்கும்னு இறுக்கினேன், அது கல்லு மாதிரி இறுகிடுச்சு, ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கு. பழைய ஸ்டெம்ல இந்தப் பிரச்சனையே இல்ல.

மரைகழண்டவன்:
ப்ரோ எந்த போல்ட்ட முதல்ல டைட் பண்ணீங்க? சைடுல இருக்கற ரெண்டு போல்ட்ட இறுக்கிட்டு அப்புறம் டாப் கேப்ப திருகினா ஒண்ணும் நடக்காது, ஸ்டெம் ஏற்கனவே ஸ்டியரர கவ்விடுச்சு, கீழ நகராது. ஃபோர்க்க (முன்சக்கரத்த தாங்கற கவை) புடிச்சு வைக்கறது அந்த சைடு போல்ட்டுதான், டாப் கேப்போட வேலை பேரிங்ல இருக்கற லூஸ எடுக்கறது மட்டும். சைடு ரெண்டையும் தளர்த்திட்டு டாப் கேப்ப கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க, முன் பிரேக்க புடிச்சு பைக்க முன்னும் பின்னும் ஆட்டி பாருங்க, ஆட்டம் நின்ன இடத்துல நிறுத்திட்டு சைடு போல்ட்ட இறுக்குங்க. சில பிரேக்கே லேசா ஆடும், ஏமாந்துடாதீங்க, ஹெட்செட்டும் (ஸ்டியரர் திரும்பற பேரிங் செட்) ஃப்ரேமும் சேர்ற இடத்துல விரல வச்சு பாத்தாதான் உண்மை தெரியும்.

எட்டாதகை:
நன்றி ப்ரோ, நான் சைடத்தான் முதல்ல இறுக்கினேன் 😅 ஆனா இப்ப நீங்க சொன்ன வரிசைல பண்ணியும் அதேதான். விரல வச்சா அங்கதான் டொக்குங்குது. கேப் ரெண்டு சுத்து போயி அதுக்கு மேல நகர மாட்டேங்குது.

பழையஇரும்பு:
தம்பி பேரிங்க திட்டாதீங்க. கேப் இறுகுது ஆனா ஆட்டம் போகலன்னா கேப் வேற எதுலயோ போய் முட்டுதுன்னு அர்த்தம். அத கழட்டிட்டு மேல இருந்து பாருங்க. ஸ்டியரர் குழாயோட வாய் ஸ்டெம்மோட மேல் விளிம்புக்கு ஒரு 2, 3 மி.மீ கீழ இருக்கணும். சமமா இருந்தாலோ நீட்டிக்கிட்டு இருந்தாலோ கேப் ஸ்டெம்ம அமுக்காம குழாயத்தான் அமுக்கும், நீங்க எவ்வளவு திருகினாலும் பேரிங்குக்கு ஒரு அழுத்தமும் போகாது. எல்லாரும் ஸ்டெம் நீளத்த பாத்து வாங்குவோம், ஸ்டியரர கவ்வற இடத்தோட உயரத்த யாரும் பாக்கறதில்ல, அது ஒவ்வொரு ஸ்டெம்முக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நானும் ஒரு நாள் முழுக்க இதுல மண்டைய ஒடச்சிருக்கேன். அதுக்குன்னு குழாய அறுக்க கிளம்பிடாதீங்க, ஸ்டெம்முக்கு மேல ஒரு 5 மி.மீ ஸ்பேசர் (வளையம்) போட்டா முடிஞ்சுது. கார்பன் ஸ்டியரர்னா உள்ள இருக்கற பிளக் (டாப் கேப் போல்ட் மாட்டற அடைப்பு) சுத்துதான்னும் பாத்துக்கங்க.

எட்டாதகை:
அண்ணே நீங்க தெய்வம். கழட்டி விரல வச்சு தடவினா குழாய் ஒரு மயிரிழை மேல நிக்குது. கேப்ப திருப்பி பாத்தா அடில வட்டமா பளபளன்னு தேஞ்ச கோடு, குழாய் உரசின தடம். பழைய ஸ்டெம்ம அளந்தேன், கவ்வற உயரம் 42, புதுசு 38. ஸ்பேசர் போட்டதும் கேப்ப லேசா திருகினதுக்கே ஆட்டம் போச்சு. முன்சக்கரத்த தூக்கினா ஹேண்டில் தானா ரெண்டு பக்கமும் விழுது.

மரைகழண்டவன்:
அட நான் கவனிக்காம விட்டுட்டேன், சூப்பர் அண்ணே. ப்ரோ முன்னாடி ஃபேஸ்பிளேட் (ஹேண்டில்பார கவ்வற மூடி) நாலு போல்டையும் குறுக்கு மாறா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவா இருக்கணும் (சில ஸ்டெம்ல மேல் பக்கம் இடைவெளியே இல்லாம முட்டணும், அதுலயே எழுதியிருக்கும்). டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளக்கற ஸ்பேனர்) இருந்தா ஸ்டெம் மேலயே போட்டிருக்கற அளவு, நிறைய ஸ்டெம்ல 5 நியூட்டன் மீட்டர். கார்பன் ஹேண்டில்பார்னா கிரீஸ் தடவவே கூடாது, கார்பன் பேஸ்ட்தான் (வழுக்காம புடிக்கறதுக்கு). 20 மி.மீ குறைச்சிருக்கீங்க, திருப்பம் கொஞ்சம் வெடுக்குன்னு இருக்கும், முதல் ரெண்டு நாள் பாத்து ஓட்டுங்க.

எட்டாதகை:
எல்லாம் முடிச்சு ஏறி உக்காந்து பாத்தா ஸ்டெம் சக்கரத்துக்கு நேரா இல்ல, இடது பக்கம் லேசா கோணிக்கிட்டு நிக்குது 🤦 மறுபடி முதல்ல இருந்தா?

பழையஇரும்பு:
வேணாம் தம்பி. சைடு ரெண்ட மட்டும் தளர்த்துங்க, சக்கரத்த முழங்காலுக்கு நடுவுல புடிச்சுக்கிட்டு திருப்பி நேராக்கி இறுக்குங்க. டாப் கேப் பக்கம் கையே போகக்கூடாது.