ஃபாக் லைட், டாப் பாக்ஸ் போட்டதிலிருந்து மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது, உதவுங்கள்

பொள்ளாச்சி_411:

வணக்கம். என்னுடையது 2021 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். 23,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வழியில் ஒருமுறைகூட நின்றதில்லை. வரும் ஜூனில் மணாலி வழியாக லே போக வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்காக இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு அக்சஸரீஸ் கடையில் மொத்தமாக வேலை கொடுத்தேன். 40 வாட் எல்இடி ஃபாக் லைட் இரண்டு, வோல்ட் காட்டும் யுஎஸ்பி சார்ஜர், உயரமான விண்ட்ஷீல்டு, பின்னால் 45 லிட்டர் டாப் பாக்ஸ்.

அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன். ஞாயிறு மாலை பைக்கை நிறுத்தினால் புதன் காலை செல்ஃப் எடுப்பதில்லை. டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது. தள்ளிப் பார்த்தும் பயனில்லை. பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டேன். அடுத்த வாரமே அதே கதை.

வேறு சில விஷயங்கள், சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. சாவியை எடுத்த பிறகும் ஃபாக் லைட் எரியும். கடையில் கேட்டதற்கு அது அப்படித்தான் என்றார்கள். போன மாதம் அட்டகட்டி தாண்டி மூடுபனியில் ஒரு மணி நேரம் லைட் போட்டு ஓட்டியபோது ஹேண்டில்பாரில் இருக்கும் சுவிட்ச் நன்றாகச் சுட்டது. அப்புறம், கோவை ரோட்டில் 90ஐத் தொட்டால் ஹேண்டில் லேசாக ஆடுகிறது. இது முன்பு இல்லை.

லடாக் வரை போக வேண்டிய வண்டி. இப்படியே கிளம்பப் பயமாக இருக்கிறது.

சேலம்_ரோடு:

ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) பேட்டரியைச் சார்ஜ் செய்கிறதா என்று முதலில் பாருங்கள். என் வண்டியில் அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போனபோது இதே மாதிரிதான் ஆனது. வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் முறுக்கி வைத்து, பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

பொள்ளாச்சி_411:

பார்த்துவிட்டேன் அண்ணா. ஐடிலில் 13.4, முறுக்கினால் 14.2 வருகிறது.

மதுரை_வயரிங்:

தம்பி, சார்ஜிங் நன்றாகவே இருக்கிறது. பேட்டரி மேலும் சந்தேகப்பட வேண்டாம். வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. நீங்கள் சம்பந்தம் உண்டா என்று கேட்ட இரண்டு விஷயத்திலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. சாவி எடுத்தும் லைட் எரிகிறது, சுவிட்ச் சுடுகிறது. இருபது வருடமாக வண்டி வயரிங் பார்க்கிறேன், புதிதாக லைட் கட்டிய வண்டிகளில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். காசு எதுவும் ஆகாது. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் எதையும் தொடாமல் சீட்டைக் கழற்றி ஃபாக் லைட்டின் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், சின்னப் பெட்டி மாதிரி இருக்கும்) கையால் தொட்டுப் பாருங்கள். அது இளஞ்சூடாக இருந்தால் திருடன் அதுதான்.

மீட்டர் இருப்பதால் அளவும் எடுத்துவிடலாம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். மீட்டர் 10 ஆம்பியர் துளையில் இருக்கட்டும். மீட்டர் கோர்த்திருக்கும்போது செல்ஃபைத் தொடவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். சாவி ஆஃப், எல்லா லைட்டும் ஆஃப். எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். பிறகு ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை, யுஎஸ்பி சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை.

பொள்ளாச்சி_411:

ஐயா, ரிலே சூடாக இருந்தது! காலை ஆறு மணி, டேங்க் எல்லாம் குளிர்ந்து கிடக்கிறது, அது மட்டும் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தது. தொட்டதும் எனக்கு நம்பவே முடியவில்லை.

அளவுகள்: எல்லாம் இருக்கும்போது 0.17. ரிலேயைப் பிடுங்கியதும் 0.02. சார்ஜரையும் கழற்றியதும் 0.00.

மதுரை_வயரிங்:

கணக்கு சரியாக வந்துவிட்டது. ரிலேக்குள் ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், இருக்கிறது, அதில் கரண்ட் பாயும்வரை அது ரிலேக்குள் இருக்கும் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காயில் சுமார் 0.15 ஆம்பியர் எடுக்கும். சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம். 0.15ஐ 24ஆல் பெருக்கினால் 3.6 ஆம்பியர் மணி. உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 8. ஞாயிறு மாலையிலிருந்து புதன் காலைவரை என்ன மிஞ்சும்? பேட்டரி அந்த அளவுக்கு இறங்கினால் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்ஷனும் உயிர் பெறாது, அதனால்தான் தள்ளியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

கடைக்காரர் என்ன செய்திருக்கிறார் என்று சொல்கிறேன், ரிலேயைத் திருப்பிப் பார்த்துச் சரிபாருங்கள். அடியில் ஒவ்வொரு காலுக்கும் ஓர் எண் இருக்கும். 85, 86 காயிலின் இரண்டு முனைகள், 30, 87 உள்ளே இருக்கும் சுவிட்சின் இரண்டு முனைகள். 30க்கு பேட்டரியிலிருந்து நேர் வயர். அதையே ஒரு துண்டு வயரால் 86க்கும் இணைத்திருப்பார். 85 எர்த். அதனால் காயில் எப்போதும் உயிரோடு இருக்கிறது. லைட்டை அணைக்கும் சுவிட்சை 87க்கும் லைட்டுக்கும் நடுவில் போட்டிருப்பார். அப்படியென்றால் லைட்டின் முழுக் கரண்டும், அதாவது 80 வாட்டுக்கு 6 ஆம்பியருக்கு மேல், அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போகிறது. அது சுடாமல் என்ன செய்யும்? பெரிய கரண்டை ரிலே தாங்க வேண்டும், சுவிட்ச் சின்னக் கரண்டை மட்டும் தொட வேண்டும். ரிலே போடுவதே அதற்காகத்தான்.

சரியான முறை: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 30. 87லிருந்து நேராக லைட்டுக்கு. 85 எர்த். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயர் ஒன்றிலிருந்து, பார்க்கிங் லைட் வயர் நல்லது, ஹேண்டில் சுவிட்ச் வழியாக 86க்கு. அவ்வளவுதான். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதைக் காப்பாற்ற யாரும் இல்லை. லைட் வயர் 1.5 சதுர மி.மீ. போதும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயரை இறுக்கிக் கட்டாதீர்கள், இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு விட வேண்டாம். லே ரோட்டின் குலுக்கலில் முதலில் கழன்று வருவது அதுதான். கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனையில் வைத்து நசுக்கி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

யுஎஸ்பி சார்ஜரின் 0.02க்கு உடனே ஆபத்து இல்லை, ஆனால் ஒரு மாதம் வண்டி நின்றால் அதுவும் பேட்டரியைத் தின்னும். அதையும் சாவிக்குப் பின்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

லடாக்_2முறை:

வயரிங் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன ஹேண்டில் ஆட்டம்தான் எனக்கு அதிகக் கவலை. பேட்டரி போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். 90ல் ஹேண்டில் ஆடினால் ஆளையே கீழே போட்டுவிடும். அது சரியாகும்வரை 80ஐத் தாண்டாதீர்கள்.

டாப் பாக்ஸில் எவ்வளவு எடை வைக்கிறீர்கள்? அந்தப் பெட்டி பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்குகிறது. கூடவே உயரமான விண்ட்ஷீல்டும் பெட்டியின் முகமும் காற்றை வாங்குகின்றன. நிறைய டாப் பாக்ஸ்களில் 10 கிலோதான் வரம்பு, மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும், படியுங்கள்.

சோதிக்கும் வரிசை: முதலில் இரண்டு டயரிலும் காற்று, குளிர்ந்த நிலையில், புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு. பிறகு டாப் பாக்ஸை அடியோடு கழற்றிவிட்டு அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் எடையும் காற்றும்தான் காரணம். நிற்கவில்லை என்றால் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தூக்கியிருக்க, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கிப் போவது போல இருந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக் என்று இடித்தால் தளர்ந்திருக்கிறது. 23,000 கிலோமீட்டருக்கு எப்படியும் ஒருமுறை பார்க்க வேண்டியதுதான்.

பொள்ளாச்சி_411:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரிலேயைத் திருப்பிப் பார்த்தேன், 30க்கும் 86க்கும் நடுவில் ஐயா சொன்ன அதே துண்டு வயர் இருந்தது. தெரிந்த எலக்ட்ரீசியனை அருகில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன். நான்கு நாள் வண்டியைத் தொடாமல் விட்டேன். இன்று காலை 12.7 வோல்ட், முதல் அழுத்தலிலேயே ஸ்டார்ட்.

பெட்டியில் இருந்தவற்றை வீட்டுத் தராசில் வைத்தேன். டூல் கிட், இரண்டு ட்யூப், காற்றடிக்கும் பம்ப், மழைக்கோட், பூட்டுச் சங்கிலி, மொத்தம் 14 கிலோ. பெட்டியைக் கழற்றி ஓட்டியதும் ஆட்டம் போய்விட்டது. கோன் செட்டில் சிக்கல் தெரியவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. லேயில் குளிருக்கு ஹீட்டட் கிரிப் (மின்சாரத்தில் சூடாகும் ஹேண்டில் பிடி) போடலாமா?

லடாக்_2முறை:

டூல், ட்யூப், சங்கிலி மூன்றையும் பக்கவாட்டுப் பைக்கு மாற்றுங்கள், முடிந்தவரை கீழே, முன்னால். மேல் பெட்டியில் மழைக்கோட்டும் ஜாக்கெட்டும் மட்டும். லோடு ஏற்றியதும் பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) கூட்ட மறக்க வேண்டாம்.

கிரிப் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆல்டர்னேட்டர் 220 வாட், அதுவும் நல்ல சுற்றில் ஓடும்போது. ஹெட்லைட் ஹை பீம் 60. பம்ப், இன்ஜெக்ஷன், இக்னிஷன் சேர்த்துத் தோராயமாக இன்னொரு 60. ஃபாக் லைட் 80. இதிலேயே 200 ஆகிவிட்டது. கிரிப் 30 வாட்டுக்கு மேல் கேட்கும். மணாலி-லே ரோட்டின் பாரலாச்சா கணவாய் ஏறும்போது முதல் இரண்டு கியரில் ஊர்ந்துதான் போவோம், அங்கே இந்த 220 முழுசாகக் கிடைக்காது. நான் போடவில்லை. இரண்டு அடுக்குக் கையுறையும் ஹேண்ட் கார்டும் 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் தங்லங் லா கணவாயிலும் எனக்குப் போதுமாக இருந்தன. கட்டாயம் வேண்டும் என்றால் ஃபாக் லைட்டும் கிரிப்பும் ஒரே நேரத்தில் ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் யுஎஸ்பி சார்ஜரே வோல்ட் காட்டுகிறதே, ஓடும்போது அது 13க்குக் கீழே இறங்கினால் ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள்.

மதுரை_வயரிங்:

தம்பி, கழற்றிய பழைய பேட்டரியைக் கடையில் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் 0.8 ஆம்பியரில் மெதுவாக முழு சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி சும்மா வைத்து, காலையில் அளந்து பாருங்கள். 12.6க்கு மேல் நின்று, வண்டியில் மாட்டியதும் செல்ஃபையும் இழுத்தால் அதில் இன்னும் உயிர் இருக்கிறது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். லேக்குப் புதியதைக் கொண்டுபோங்கள்.