செடி வாடினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்: சிறுதொழில் செய்பவர்களின் அனுபவங்கள்

சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். மாடியில் கொஞ்சம் தொட்டிச் செடிகளும் உண்டு. என் தொழிலைத் திருத்தியது ஒரு செம்பருத்தி. அதைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரு கோடையில் அதன் இலைகள் துவண்டு தொங்கின. தாகம் என்று நினைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் துவண்டது, இன்னும் ஊற்றினேன். தண்டின் அடி கறுத்த பிறகுதான் தொட்டியைக் கவிழ்த்தேன். வேரெல்லாம் பழுப்பாகிக் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் இருந்த ஓட்டை மண் இறுகி அடைத்துக் கிடந்தது. மண்துகள்களுக்கு நடுவே காற்று இருந்தால்தான் வேர் சுவாசிக்கும். அங்கே தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டி அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்திலேயே நின்றுகொண்டு செடி வாடும். மேலிருந்து பார்த்தால் தாகத்தில் வாடுவதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

அதே சமயம் அச்சகத்திலும் கையில் காசில்லை. ஆர்டர் போதவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு, கடன் வாங்கி விளம்பரம் கொடுத்தேன், விலையைக் குறைத்தேன். ஆர்டர் குவிந்தது, நெருக்கடியும் கூடியது. செம்பருத்தியைத் தூக்கிப்போட்ட அன்று இரவு பில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வேலையை முடித்துக் கொடுத்து 90 நாள் தாண்டியும் வராத பாக்கிதான் பாதிக்கு மேல். ஒவ்வொரு புது ஆர்டருக்கும் காகிதமும் மையும் என் காசில் வாங்கியிருக்கிறேன், அந்தக் காசு வெளியே போய்த் தேங்கி நிற்கிறது. ஆர்டர் கூடக் கூட நான் மூழ்கியதற்குக் காரணம் அதுதான்.

இப்போது இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அச்சகத்தில் சனிக்கிழமை பாக்கிப் பட்டியலைப் பார்க்காமல் திங்கட்கிழமை புது ஆர்டர் எடுப்பதில்லை. பாதித் தொகை முன்பணம். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.

மறுமொழி 1

எனக்குத் தையல் தொழில். நான் செய்தது பெரிய தொட்டித் தவறு. சின்ன நாற்றை எடுத்துப் பெரிய தொட்டியில் வைத்தால் நன்றாகப் படரும் என்று நினைப்போம். ஆனால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் அப்படியே நின்று, அந்த ஈரமே வேரைக் கெடுக்கும். இருக்கிற தொட்டியைவிட ஒன்றிரண்டு அங்குலம் அகலம் கூடினால் போதும்.

ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வேலை செய்த நான் நேராக ஒரு கூடத்துக்கு மாறினேன். பாதி இடம் காலியாகவே கிடந்தது, அதற்கும் சேர்த்து வாடகை. பிறகு உரிமையாளரிடம் பேசிப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்காக மாறவே கூடாது என்று சொல்லவில்லை. அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தால், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடினால், தொட்டி மாற்றத்தான் வேண்டும்.

மறுமொழி 2

கணினி பழுது பார்க்கிறேன். அண்ணா சொன்ன 'மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோல்' என்பது மஞ்சள் இலைக்கும் பொருந்தும். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். தழைச்சத்து குறைந்தால் கீழே இருக்கும் பழைய இலை முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்புச் சத்தை அப்படி எளிதில் நகர்த்த முடியாது. அது குறைந்தால் நரம்பு பச்சையாக இருக்க, புதுத் தளிர்தான் வெளிறும்.

எனக்கு வாடிக்கையாளர்கள் குறைந்தபோது அதே கேள்வியைக் கேட்டேன். குறைவது பழையவர்களா, புதியவர்களா? இரண்டு பட்டியல் போட்டேன். புதியவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வருடக்கணக்காக வந்தவர்கள்தான் நின்றுபோயிருந்தார்கள். யோசித்தால், கைதேர்ந்த பையனை ஒரு புது ஒப்பந்தத்துக்கு அனுப்பியிருந்தேன், இரண்டு நாளில் முடிந்த வேலை ஆறு நாள் ஆகியிருக்கிறது. பழைய இலையிலிருந்து உறிஞ்சித் தளிருக்குக் கொடுத்திருக்கிறேன்! அன்றே அவனை வாரத்தில் மூன்று நாள் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். நின்றுபோனவர்களை நானே கூப்பிட்டுப் பேசினேன். எல்லோரும் திரும்பி வரவில்லை.

மறுமொழி 3

எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நெருக்கமாக முளைத்த நாற்றில் சிலவற்றைப் பிடுங்கிக் கலைத்து விடாவிட்டால் எதுவும் தேறாது என்பது உண்மை. என் கடையில் விற்காத பொருள்களை அப்படித்தான் குறைத்தேன், நல்லதே நடந்தது. ஆனால் அதே பேச்சை வைத்துக்கொண்டு இரண்டு ஆட்களையும் நிறுத்தினேன். அதில் ஒரு பெண் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, நான் ஒழுங்காக வேலை கற்றுக்கொடுக்கவே இல்லை. நாற்றங்காலிலிருந்து எடுத்த நாற்றையே ஏழு பத்து நாள் நிழலிலும் வெயிலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பழக்கித்தானே நடுகிறோம்? அவருக்கு அந்தப் பத்து நாளைக்கூட நான் கொடுக்கவில்லை. தோட்டத்தில் பிடுங்கிய நாற்று உரக்குழிக்குப் போகும், ஆள் வீட்டுக்குப் போகிறார். இந்த இடத்தில் தோட்டத்தைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

மறுமொழி 4

அச்சக அண்ணா, அந்தச் செம்பருத்தியைக் காப்பாற்றியிருக்க முடியாதா?

மறுமொழி 5

முதல் வாரமே பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அழுகிய வேரை வெட்டிவிட்டு, வடியும் மண்ணில் மாற்றி நட்டு, வேர் குறைந்த அளவுக்கு இலையையும் குறைக்க வேண்டும். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. தூக்கிப்போடும் முன் நுனியில் பச்சை இருந்த இரண்டு குச்சிகளை வெட்டி நட்டேன். ஒன்று பிழைத்தது, இப்போது இடுப்பளவு இருக்கிறது.

மூன்றாவது மறுமொழி எழுதியவருக்கு: நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அச்சகத்தில் நானும் ஒரு புது ஆளைச் சேர்த்திருந்தேன், அவரை நிறுத்தவில்லை. இப்போது பாக்கி வசூலைப் பார்ப்பது அவர்தான். பழைய பாக்கியில் இரண்டு இன்னும் நிற்கிறது, நாளைக்கு நாங்கள் இருவரும் நேரில் போகிறோம்.