சிறுவர் பராமரிப்பு மாகாணத்தின் அதிகாரமா, மத்தியின் அதிகாரமா?

கொட்டியாபுரத்தான்:
எங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் திணைக்களத்தைச் சேர்ந்தவர். நன்னடத்தை உத்தியோகத்தரோ கிழக்கு மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றிருக்கும் ஓர் உறவுப் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்ப்பது தொடர்பாக நான் அலைந்தபோது, யாரிடம் பேசவேண்டும் என்பதை அறியவே பல நாட்கள் சென்றுவிட்டன. இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் இந்த அதிகாரத்தை உண்மையில் யாருக்குக் கொடுத்தது? நாம் சமஷ்டி (கூட்டாட்சி) முறையின் கீழ் வாழ்ந்திருந்தால் இந்தக் குழப்பம் இருந்திருக்காதா?

உப்புவெளி வாசகி:
மாகாணத்துக்குத்தான் கொடுத்தது. 1987ஆம் ஆண்டின் அந்தத் திருத்தத்தில் நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபை நிரலிலேயே, அதாவது மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்ட விடயங்களின் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆனால் அதே திருத்தம், எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுக்கும் அதிகாரத்தை மத்திக்கு ஒதுக்கிவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடித்துவைத்திருக்கும் வாசகம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. 1998இல் பாராளுமன்றம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை என்ற மத்திய நிறுவனத்தையும் உருவாக்கியது. நீங்கள் முதலில் நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர் அவர்தான்.

நிலாவெளி நேயன்:
சமஷ்டி வந்தால் குழப்பம் முற்றாக நீங்கும் என்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சிறுவர் பாதுகாப்பு மாநிலங்களின் பொறுப்பாக இருந்தும், 1974ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் மத்திய அரசு நிதியோடு நிபந்தனைகளையும் அனுப்புகிறது. இரு அரசுகளும் ஒரே பிள்ளையின் விடயத்தில் தலையிடுவது அங்கும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், அங்கே மாநிலச் சட்டமன்றம் ஆண்டுக்கணக்கில் இல்லாமற்போவதில்லை. திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட நமது கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை, ஜனாதிபதி நியமித்த ஆளுநரே நிர்வாகத்தை நடத்துகிறார்.

உப்புவெளி வாசகி:
அதனால்தான் 2012இன் திவிநெகும சட்டமூலத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். வறுமை ஒழிப்பு நிவாரணங்களை மத்தியின் ஒரே திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்த அந்தச் சட்டமூலம் மாகாண நிரலைத் தொடுவதால், அதை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பவேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. கிழக்கு மாகாண சபை கூடி இணங்கியது. அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லாதிருந்த வடக்கின் சார்பில் ஆளுநர் கொடுத்த சம்மதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் அதை நிறைவேற்றப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவைப்பட்டது. அன்று வடக்கு இருந்த நிலையில்தான் இன்று கிழக்கும் இருக்கிறது. நாளை சிறுவர் பராமரிப்பைத் தொடும் ஒரு சட்டமூலம் வந்தால், மூதூரிலோ கிண்ணியாவிலோ இருப்பவர்களின் சார்பில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒரு மாகாண உறுப்பினர்கூட இல்லை.

கொட்டியாபுரத்தான்:
நன்றி. திங்கட்கிழமை நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்திக்கிறேன். பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு எந்த ஆவணங்களைக் கொண்டுசெல்லவேண்டும் என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள்.