பாடக்குறிப்பின் வலப்பக்கத்தில் என்ன எழுதுகிறீர்கள்?

முதலமடை டீச்சர்:
வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், முதலமடைக்கு அருகே தமிழ் வழித் தொடக்கப் பள்ளி ஒன்றை ஒட்டிய முன்தொடக்க வகுப்பில், நான்கும் ஐந்தும் வயதான 19 குழந்தைகளை வைத்திருக்கிறேன். எங்கள் டீச்சிங் மேனுவலில், அதாவது பாடக்குறிப்பேட்டில், இடப்பக்கம் திட்டத்துக்கும், வலப்பக்கம் வகுப்பு முடிந்தபின் எழுதும் மதிப்பீட்டுக்கும் உரியவை. சென்ற வாரம் 'பழங்கள்' என்ற கருப்பொருளுக்குப் பட அட்டைகளைக் காட்டிப் பெயரும் நிறமும் கேட்பதாக இருந்தேன். அழகுக்காக மேசைமேல் பத்துப் பன்னிரண்டு மாங்காய்களை வைத்ததுதான் வினையாயிற்று. மண்டியில் காய் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் மகன் ஒருவன், அட்டைகளை ஏறெடுத்தும் பாராமல், ஒவ்வொரு காயையும் உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்துப் பெரிது, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியலாக்கினான். காம்போரம் பால் வடிந்து கறுத்திருந்த ஒரு செந்தூர மாங்காயைத் தனியே ஒதுக்கி, "இது பெட்டிக்கு ஆகாது டீச்சர்" என்றான். மற்றவர்களும் அவனைச் சூழ்ந்துகொள்ள, அட்டைகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

அன்று மாலை வலப்பக்கத்தில், 'குழந்தைகள் ஆர்வத்துடன் பங்கேற்றனர், நோக்கம் நிறைவேறியது' என்று எழுதினேன். பின்னோக்கிப் புரட்டினால் ஜூன் மாதம் முதல் அதே வரிதான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதினால் திட்டம் தோற்றதாகிவிடாதா? நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
அந்தப் பையன் செய்ததற்குப் பெயர் வகைப்படுத்துதல். 3 முதல் 8 வயது வரைக்கென 2022இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, கணித அறிவுக்கு அடித்தளமாகக் கேட்பது இதைத்தான். ஆகவே தோற்றது உங்கள் அட்டைகள் மட்டுமே. அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் இரண்டு வகைச் சிந்தனைகளைப் பிரித்துக் காட்டினார்: வேலை நடக்கும்போதே சிந்திப்பது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. அட்டைகளை விட்டு அவனைக் கவனிக்க நின்றீர்களே, முதலாவதை அப்போதே செய்துவிட்டீர்கள். இரண்டாவதைத்தான் அந்த வழக்கமான வரி விழுங்கிவிட்டது.

நான் பணியில் இருந்தபோது, நாளுக்கு ஒரு குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது செய்தது, சொன்ன சொல், அதனால் நாளை நான் மாற்றப்போவது ஆகியவற்றை மட்டும் எழுதினேன். 'ஆர்வம்' என்ற சொல்லை எனக்கு நானே தடை செய்துகொண்டேன். ஆர்வம் கண்ணுக்குத் தெரியாது, கை செய்வதுதான் தெரியும். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அன்று நான் எதையும் பார்க்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட நாள்களும் எனக்கு நிறைய இருந்தன.

நகரி, அங்கன்வாடிப் பணியாளர்:
அம்மா சொல்வது சரிதான், ஆனால் எடை பார்ப்பது, சத்துணவு, பதிவேடுகள் அனைத்தும் ஒருவர் தலையில் விழும் எங்கள் மையத்தில் நாள்தோறும் எழுதுவது நடவாது. வாரத்துக்கு இரண்டு குழந்தைகள் என்று வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் பாருங்கள். ஆந்திரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், மையத்தில் தெலுங்கு. 'மாமிடி பண்டு', அதாவது மாம்பழம், படத்தைக் காட்டி இது என்ன என்று தெலுங்கில் கேட்டபோது வாய் திறவாத சிறுமியைக் குறித்து, 'பழங்களின் பெயர் தெரியவில்லை' என்று எழுதிவைத்தேன். சோற்று நேரத்தில் அதே படத்தைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டி, "மாம்பழம், எங்க தாத்தா வீட்டுல இருக்கு" என்றாள். அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, 'கேள்வியைத் தமிழிலும் கேட்க வேண்டும்' என்று மாற்றினேன். குறை என்னுடையது என்று எழுதக் கை சற்றுக் கூசியது.

மூணாறு, ஆசிரியர்:
ஒரே பையனைச் சுற்றி வகுப்பு கூடியபோது ஒதுங்கி நின்றது யார் என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குழந்தைக் கல்வி முன்னோடியான மாண்டிசோரி அம்மையார் கொடைக்கானலில் தங்கிப் பல வயதுக் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துக் கவனித்தார். வயதில் மூத்த குழந்தைகளைப் பார்த்துச் சிறியவர்கள் கற்பது உண்மை, ஆனால் எல்லாச் சிறியவர்களும் கூட்டத்துக்குள் வருவதில்லை.

முதலமடை டீச்சர்:
நன்றி. இன்று அட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டு, மாங்காய்களோடு ஒரு தட்டுத் தராசையும் வைத்தேன். பையன் 'பெரிது' என்று சேர்த்த ஒரு காயைவிட, நடுத்தரக் குவியலில் இருந்த கிளிமூக்கு மாங்காய் ஒன்று தட்டைக் கீழே இழுத்தது. அவன் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் தராசுதான் கெட்டுப்போயிற்று என்றான். ஜன்னலோரம் தனியாக நின்ற சிறுமி வந்து, தட்டின் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். வலப்பக்கத்தில் அவளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். நாளைக்கு இருவரையும் ஒரே தராசின் முன் உட்காரவைக்க வேண்டும்.