மலைநாட்டுக்கு எந்த பிரைம் லென்ஸ்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹட்டன் பக்கத்திலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். என் கமரா ஃபுஜி எக்ஸ்-டி3. அதில் இப்போது போட்டிருப்பது 35 மி.மீ. எஃப்2 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் கூடும்). இன்னொரு பிரைம், அதாவது சூம் செய்ய முடியாத, ஒரே மி.மீ. கொண்ட லென்ஸ், வாங்கக் காசு சேர்த்துவிட்டேன். எதை வாங்குவது என்பதில்தான் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். காமன் ஊன்றிய நாளிலிருந்து தப்புச் சத்தம் ஓயாது. கடைசி இரவில் ரதியும் மதனும் ஆடும்போது திடலின் ஓரத்தில் கட்டிய டியூப் லைட்டும் கையில் பிடித்த பந்தமும்தான் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எஃப்2-ஐ முழுதாகத் திறந்து, ஷட்டரை 1/250 வினாடியில் வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது கமராவின் ஒளி உணர்திறன், 6400-க்குப் போய்விடும். 1/125-க்கு இறங்கினால் ஆட்டக்காரர் சுழலும்போது முகமே கலைந்துவிடும். தப்பு அடிக்கிற கை கலைந்தால் பரவாயில்லை, அது அழகுதான். முகம் கலையக் கூடாது. 6400-இல் படம் கிடைக்கிறது. ஆனால் கறுத்த தோலின் நிழல் பகுதிகளில் நிறம் செத்து, சேறு பூசியது போல ஆகிவிடுகிறது. நம் ஆட்களின் முகத்தை நிறம் செத்துப்போய்ப் பார்க்க எனக்கு மனமில்லை.

எஃப்1.4 என்றால் எஃப்2-ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சம், அதாவது 3200 போதும். அதனால் ஒரு நண்பரிடம் பழைய 35 எஃப்1.4-ஐ வாங்கிக்கொண்டு போனேன். 2012-இல் வந்த லென்ஸ் அது. ரதி நின்று ஒப்பாரி வைத்த இடங்களில் அது எடுத்துக் கொடுத்த படங்களை என் 35 எஃப்2 எடுத்திருக்காது. பின்னால் இருந்த பந்த வெளிச்சம் உருகிப் பரவி, முகத்தில் நிறம் அப்படியே நின்றது. ஆனால் ஆட்டம் வேகம் பிடித்ததும் போக்கஸ் முன்னும் பின்னும் அலைந்தது. மோட்டார் சத்தமும் கேட்கிறது. தூறல் விழ ஆரம்பித்ததும் அதைப் பைக்குள் வைத்துவிட்டு என் எஃப்2-ஐ மாட்டினேன். அது நனைந்தாலும் தாங்கும் லென்ஸ், பொடியும் (கமராவின் உடலும்) அப்படித்தான்.

இப்போது மனதில் இருப்பவை பழைய 35 எஃப்1.4, 2021-இல் வந்த 33 எஃப்1.4, அல்லது தூரத்துக்கு 56 எஃப்1.2. என்ன சொல்கிறீர்கள்?


பண்டாரவளையிலிருந்து, கல்யாணம், சடங்கு வீடுகளுக்குப் படம் எடுப்பவர்

தம்பி, எஃப் எண்ணைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள். நீங்கள் கேட்ட பட்டியலில் 23 மி.மீ. இல்லாததுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

நான் சோனி ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்ஸார் கமரா) வைத்திருக்கிறேன். 35 எஃப்1.8, 85 எஃப்1.8 இரண்டும் இருக்கின்றன. பழைய லயக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை) பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் கட்டில், அலமாரி, சீர்த் தட்டுகள், சொந்தக்காரர்கள். முதுகு சுவரில் ஒட்டும்வரை பின்னால் போனாலும் மூன்று மீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். மூன்று மீட்டர் தூரத்தில் 85-க்குள் அடங்கும் அகலம் ஒன்றேகால் மீட்டர்தான். பிள்ளையும் பக்கத்தில் அம்மாவும் வந்தால் முடிந்தது. 50 என்றால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 35 என்றால் மூன்று மீட்டர், மாமன்மார் வரிசையாக நிற்கலாம். உங்கள் ஃபுஜி ஏபிஎஸ்-சி (சிறிய சென்ஸார்) என்பதால் 1.5-ஆல் பெருக்குங்கள். உங்கள் 56 என் 85 மாதிரி, உங்கள் 35 என் 50 மாதிரி, உங்கள் 23 என் 35 மாதிரி.

அடுத்தது ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பது. இதைத்தான் லென்ஸ் வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. 85-ஐ எஃப்1.8-இல் திறந்து இரண்டு மீட்டரில் எடுத்தால் தெளிவாக இருப்பது ஆறு சென்டிமீட்டர் அளவுதான். ஒரு சடங்கில், தாய்மாமன் மாலை போடுகிற நேரம். பிள்ளையின் கண் கூர்மையாக இருக்கிறது, மாலையைப் பிடித்திருக்கும் மாமனின் முகம் கரைந்துபோயிருக்கிறது. அந்த வீட்டுக்கு அந்த மாமனின் முகம் எவ்வளவு முக்கியம்! கொழும்பில் கடை வேலை பார்த்து, லீவு கேட்டு, சீர் வாங்கிக்கொண்டு வந்த மனுசன் அவர். அவருக்காக எஃப்4 வரை மூட வேண்டும். மூடினால் எஃப்1.4-க்கும் 1.2-க்கும் கொடுத்த காசு எங்கே போகிறது? அதே இரண்டு மீட்டரில் 35-ஐ எஃப்1.8-இல் திறந்தால் முப்பத்தைந்து சென்டிமீட்டர் தெளிவு கிடைக்கிறது. முகங்கள் இரண்டும் வந்துவிடும், வெளிச்சமும் குறையாது. சின்ன அறையில் முழுதாகத் திறந்து பயன்படுத்தக்கூடியது அகலமான பிரைம்தான்.

85-ஐ நான் விற்கவில்லை. லயத்து வாசலில், பந்தலுக்கு வெளியே, ஆட்களைத் தள்ளி நின்று எடுக்க அதைப் போல ஒன்று இல்லை. கமரா பக்கத்தில் வந்தாலே முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்ளும் பாட்டிகளைத் தூரத்திலிருந்து, அவர்கள் சிரிக்கும்போதே எடுக்கலாம். ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 23 எஃப்1.4. அதன் புதிய வடிவமும் 2021-இல்தான் வந்தது, நனைந்தாலும் தாங்கும். 375 கிராம் இருக்கும், உங்கள் 35-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். கையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.


தலவாக்கலையிலிருந்து

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அனுமதி வாங்கி இரவுப் படங்கள் எடுக்கிறேன். நிக்கோன் இசட்6, 50 எஃப்1.8.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் ஒரு வினாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் படத்தில் பட்டை விழாது. 1/250-க்குப் போனால், அதுவும் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில், குறுக்கே கறுப்புப் பட்டைகள் வரும். எல்ஈடி விளக்குகள் சிலவற்றில் இன்னும் மோசம். ஹட்டன் தம்பி கூத்தில் 1/250 என்கிறார், மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்துப் பாருங்கள், பட்டை குறையும்.

1/100-இல் நிற்க வேண்டும் என்றால் எஃப்1.8 எனக்குப் போதும், ரோலர் பக்கத்தில் நிற்பவர்களின் கை மட்டும் கொஞ்சம் அசையும். இன்னொன்று, தொழிற்சாலைக்குள் தேயிலைத் தூசு பஞ்சு மாதிரி பறக்கும். அங்கே லென்ஸை மாற்றவே கூடாது. எந்த லென்ஸோடு உள்ளே போகிறோமோ அதோடுதான் வெளியே வர வேண்டும். இரண்டு பிரைம் இருந்தாலும் அங்கே ஒன்றுதான் இருப்பது போல.


ஹப்புத்தளையிலிருந்து, பாடசாலை ஆசிரியை

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பின்னணி கரைய வேண்டும் என்றுதான் பலர் எஃப்1.4 தேடுகிறார்கள். நம் மலையில் பனி அதைச் சும்மா செய்து தருகிறது.

என்னிடம் இருப்பது கேனன் ஆர்பி, அதில் ஆர்எஃப் 50 எஃப்1.8. வெறும் 160 கிராம். என் அம்மா தம்பதென்னை பக்கத்தில் கொழுந்து எடுத்தவர். அவரையும் அவரோடு வேலை செய்தவர்களையும் மலையிலேயே எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காலை பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலைக்கு ஏறும்போது பனி இறங்கியிருந்தால், முப்பதடிக்கு அப்பால் தேயிலையே வெள்ளையாகிவிடும். அங்கே எஃப்4-இல் எடுத்தாலும் கூடையும் ஆளும் தனியாக நிற்பார்கள். இடுப்பில் கட்டிய படங்கும், தலையில் போட்ட துணியின் நிறமும், கையில் இருக்கும் இரண்டு இலையும் மொட்டும் எல்லாம் தெளிவு. எஃப்1.8-இல் எடுத்தால் முகம் மட்டும் வந்து கை போய்விடும். கொழுந்து எடுக்கும் பெண்ணின் படத்தில் கை கரைந்துபோனால் அந்தப் படத்தில் அவருடைய வேலை இல்லை.

பனியில் உண்மையான தொல்லை போக்கஸ். எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்பதால் கமராவுக்குப் பிடிக்க விளிம்பு கிடைப்பதில்லை, லென்ஸ் எவ்வளவு விலையானாலும் அலையும். போக்கஸ் புள்ளியைக் கூடையின் விளிம்பிலோ துணியின் கரையிலோ வையுங்கள், பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் கமரா வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கிவிடும்.

எஃப்1.8-ஐ நான் முழுதாகத் திறப்பது பின்னேரம் ஆறு மணிக்கு மேல், கொழுந்தை எடை போட்டு முடிந்து எல்லாரும் மடுவத்து (எடை போடும் கொட்டகை) விளக்கின் கீழ் நிற்கும்போது. அதற்கு இந்தச் சின்ன லென்ஸே போதுமாக இருக்கிறது. ஒரே குறை, நனையத் தாங்காது. மழைக் காலத்தில் குடைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப் போகிறேன்.


நுவரெலியாவிலிருந்து

எல்லாரும் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், வைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். ஃபிலிம் காலத்திலிருந்து இந்த ஊரில் கமரா வைத்திருப்பவன் நான்.

இங்கே லென்ஸுக்கு எமன் பூஞ்சணம். ஈரப்பதம் அறுபது எழுபது வீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல ஓடிவிடும். மேல்பூச்சை அரித்தபின் துடைத்தாலும் தழும்பு நிற்கும். அடிக்கடி வெளியே எடுக்கிற லென்ஸில் அது அவ்வளவாக வருவதில்லை. அலமாரியில் கிடக்கிற லென்ஸில்தான் வரும். மூன்று பிரைம் வாங்கினால் இரண்டு கிடக்கும். அதனால் என் சொல், இரண்டுக்கு மேல் வேண்டாம், அந்த இரண்டையும் வாரம் ஒரு தடவையாவது கையில் எடுங்கள்.

தோல் பையில் வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். நாற்பது முதல் ஐம்பது வீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் காயவைத்தால் திரும்பப் பயன்படும். எஃப்1.2 வாங்கக் காசு சேர்க்கும் பிள்ளைகள் முதலில் இந்தப் பெட்டிக்குச் செலவழியுங்கள்.


மஸ்கெலியாவிலிருந்து

அகலத் திறக்கும் பிரைம் வீண் என்பது போல யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சிவனொளிபாத மலை சீசனில் நட்சத்திரம் எடுக்க எனக்கு சிக்மா 16 எஃப்1.4 இல்லாமல் முடியாது. ஏபிஎஸ்-சி பொடியில் 16 மி.மீ. என்றால் இருபது வினாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். அந்த இருபது வினாடிக்குள் கமராவோடு வரும் கிட் லென்ஸின் எஃப்3.5-க்கு வருவதைவிட ஆறு மடங்கு வெளிச்சம் எஃப்1.4-க்கு வருகிறது. முழுதாகத் திறந்தால் மூலைகளில் நட்சத்திரம் இழுபடும், எஃப்2-க்கு மூடினால் சரியாகும்.

ஆனால் மலையில் ஏறும் விளக்கு வரிசையை நல்லதண்ணி பக்கமிருந்து எடுக்க இது எதுவும் தேவையில்லை. ட்ரைபொட் இருந்தால் கிட் லென்ஸிலேயே எஃப்8 வைத்து எடுக்கலாம்.

உச்சிக் குளிரில் இருந்து இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைகிறவர்கள், நுழையுமுன் கமராவை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி மூடுங்கள். இல்லாவிட்டால் கேத்தல் ஆவியில் லென்ஸ் முழுக்க நீர் கோத்துவிடும், சூரியோதயம் போய்விடும்.


ஹட்டன் பக்கத்திலிருந்து

அண்ணே, டீச்சர், ஐயா, எல்லாருக்கும் நன்றி. 56-ஐ மனதிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கள் காமன் திடல் லயத்து வரிசைக்கு நடுவில் இருக்கும் சின்ன இடம். ஆட்டக்காரரைச் சுற்றி ஆட்கள் வட்டமாக நெருங்கி நிற்பார்கள். 23-இல் ரதியும் மதனும் தப்புக்காரரும் ஒரே படத்தில் வருவார்கள் என்பது பண்டாரவளை அண்ணன் சொன்ன பிறகுதான் தெளிந்தது. 23 எஃப்1.4, புதிய வடிவம். ஒரு முகத்தை மட்டும் எடுக்க இருக்கவே இருக்கிறது 35 எஃப்2. பாவித்த லென்ஸ் ஒன்று கொழும்பில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் அண்ணே?


பண்டாரவளையிலிருந்து

போனிலுள்ள டோர்ச்சைப் பின்பக்கக் கண்ணாடி வழியாக அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். அப்புறம் முன்னாலிருந்து அடித்துப் பின்னால் பாருங்கள். நுண்தூசி இருந்தால் கவலையில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். ஓரத்திலிருந்து கிளை பிரிந்து வரும் நூல் தெரிந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது பூஞ்சணம். நுவரெலியா ஐயா சொன்னது அதைத்தான். லென்ஸ் கமராவில் பொருந்தும் மவுண்டைச் சுற்றி ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், நனையாமல் காப்பது அதுதான். உங்கள் பொடியைக் கையோடு கொண்டு போங்கள். மாட்டி, எஃப்1.4-இல் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுங்கள். நான்கு மூலை எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கும். கடையில் ஒளி அதிகம், அதனால் கதவுக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ இருட்டான இடத்தைப் பார்த்து போக்கஸ் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். மாசி வருவதற்குள் வாங்கிவிடுங்கள், கையில் பழக ஒரு மாதமாவது வேண்டும்.